சாக்கடைக்கு முன்னால் ஒரு தொட்டி

(குன்னூரில் வியாபாரிகளின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அண்ணன் அவர்களே, இந்த மழையிலும் ஊட்டியிலிருந்து இறங்கி வந்திருக்கும் மாவட்ட அதிகாரி அம்மா அவர்களே, நகராட்சி சுகாதார ஆய்வாளர் அவர்களே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த வியாபாரிகளே, வர்க்கி போடுகிறவர்களே, டீத்தூள், தைலக் கடைக்காரர்களே, மெஸ், விடுதி நடத்துகிறவர்களே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய தலைவர் அண்ணனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். நான் மெஸ் தொடங்கிய காலத்தில் மளிகைக்குக் கடன் கொடுத்த கை அது. அதிகாரி அம்மாவுக்கும் ஒரு வார்த்தை. அபராதச் சீட்டோடு வருகிற அதிகாரிகளைப் பார்த்திருக்கிறோம். எங்களோடு உட்கார்ந்து காதுகொடுத்துக் கேட்க வந்த உங்களை இந்த ஊர் மறக்காது.

தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள். இன்று மூன்று விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன்: தண்ணீர், அடுப்பு, குப்பை. நம் கடைகள் இந்த மலையைக் கெடுப்பது இந்த மூன்று வழியில்தான். தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த மேசை மேல் ஒரு பித்தளைத் தூக்குப்போசி இருக்கிறதே, அது என்னுடையது இல்லை. அதன் கதையைச் சொல்கிறேன்.

14 வருஷம் இருக்கும். ஊட்டி போகிற ரோட்டில், கேத்திப் பள்ளத்தாக்குக்கு மேலே என் மெஸ். தினம் முந்நூறு சாப்பாடு போகும். ஞாயிற்றுக்கிழமை டூரிஸ்ட் பஸ் நின்றால் ஐந்நூறு. பின்கட்டில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஒரு குழாய் வழியாக வெளியே போகும். எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஜனவரி மாதம், நல்ல உறைபனி. காலை டிபன் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் வெள்ளைச் சால்வை. முதல் மேசையில் உட்கார்ந்தார். "என்ன சாப்பிடறீங்கம்மா?" என்று கேட்டேன்.

"டீ போதும் தம்பி. ஆனா தண்ணி நான் கொண்டு வந்திருக்கேன். இதுல போட்டுக் குடுங்க."

தூக்குப்போசியைத் திறந்தார். உள்ளே சாம்பல் நிறத்தில் தண்ணீர். மேலே எருமைப் பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஒரு படலம். நான் விழித்துக்கொண்டு நிற்கும்போதே பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொருளை எடுத்து மேசையில் வைத்தார். மோட்டார் குழாயின் அடி முனையில், தண்ணீருக்குள் இருக்கிற புட்வால்வு. அதன் சல்லடைக் கண் ஒன்று விடாமல் மெழுகு மாதிரி அடைத்திருந்தது. விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சோம்பு, லவங்கம், டால்டா. என் மெஸ் குருமா வாசனை எனக்குத் தெரியாதா?

"நாலு நாளா மோட்டார் தண்ணி எடுக்கல. விடியக்காலம் தண்ணி அடிச்சாத்தான் பனியில கேரட் கருகாது. பாதி கருகிப் போச்சு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூட நான் பதில் பேசியிருப்பேன்.

கல்லாவில் என் அம்மா உட்கார்ந்திருந்தார். அவர்தான் வாய் திறந்தார். "தாயைப் பழிச்சாலும் தண்ணியைப் பழிக்காதேன்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்?" அத்தனை ஆட்கள் முன்னால், சர்வர் பையன்கள் முன்னால். பிறகு அம்மாவே எழுந்து போய், நல்ல தண்ணீரில் டீ போட்டு, அந்த அம்மா கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ஊர், பிள்ளைகள் என்று ஏதேதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் பின்கட்டு வழியாக இறங்கி, அந்தக் குழாய் எங்கே போகிறது என்று முதல் முறையாக நடந்து போய்ப் பார்த்தேன். முக்கால் கிலோமீட்டர். வழியெல்லாம் பாறையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. திரும்பி வந்தபோது அந்த அம்மா போய்விட்டார். போசியை மட்டும் விட்டுப் போயிருந்தார். அடுத்த வாரம் புது புட்வால்வும் கேரட்டுக்கான பணமும் எடுத்துக்கொண்டு அவர் தோட்டத்துக்குப் போனேன். இரண்டையும் வாங்கிக்கொண்டார். போசியை நீட்டினேன். "அது உங்க கடையிலேயே இருக்கட்டும் தம்பி" என்று சொல்லிவிட்டார்.

சமவெளியில் இருக்கிற ஓட்டல்காரருக்கு இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. அங்கே வெயிலில் டால்டா இளகியே இருக்கும். நம் குளிரில் குழாயை விட்டு வெளியே வந்ததும் உறைந்துவிடும். அங்கே போடுகிற சாக்கடை முறை இங்கே செல்லாது. இன்னொன்று, நமக்கு மேலே யாரும் இல்லை. நாம் விடுவது எல்லாம் கீழேதான் போகிறது. குன்னூர் ஆற்றில் விட்டது பவானிக்குப் போகிறது. மேட்டுப்பாளையத்துக்காரர்கள் அதைக் குடிக்கிறார்கள், பவானிசாகரில் தேங்கி ஈரோட்டு வயலுக்குப் பாய்கிறது. ஊட்டி ஏரியைப் பாருங்கள். கோடப்பமந்து கால்வாய் வழியாக ஊர்க் கழிவெல்லாம் அதில் சேர்ந்து எத்தனை வருஷமாகக் கஷ்டப்படுகிறோம். கொடைக்கானலில் பாதரச வெப்பமானி செய்த தொழிற்சாலை 2001-ல் மூடப்பட்டது. மூடி என்ன? அந்த மண்ணை எப்படிச் சுத்தம் செய்வது, எந்த அளவுக்குச் செய்வது என்று அதற்கப்புறம் எத்தனை வருஷம் வாதம் நடந்தது! கெட்ட பிறகு சுத்தம் செய்வது அவ்வளவு சுலபம் இல்லை. விடாமல் இருப்பதுதான் சுலபம்.

சரி, எப்படி விடாமல் இருப்பது? நான் செய்ததைச் சொல்கிறேன். மூன்று அறை வைத்த ஒரு தொட்டி. பாத்திரம் கழுவிய சூடான தண்ணீர் முதல் அறையில் விழுந்து ஆறும். சோறும் பருக்கையும் அடியில் தங்கும், எண்ணெய் மேலே மிதக்கும். இரண்டாவது அறைக்குப் போகிற குழாயின் வாயைத் தண்ணீருக்குள் பாதி ஆழத்தில் கீழ்நோக்கி வைக்க வேண்டும். நடுத் தண்ணீர் மட்டும் போகும், மேலே மிதப்பது போகாது. முழு ரகசியமும் அந்த ஒரு எல்போவில், அதாவது வளைந்த குழாய்த் துண்டில்தான் இருக்கிறது. கொத்தனார் அதை மறந்தால் தொட்டி கட்டியும் பயன் இல்லை. இரண்டாவது அறையில் மிச்சமும் தெளியும். மூன்றாவதில் ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்டிருக்கிறேன். வாரம் ஒருமுறை மேலே மிதப்பதை அகப்பையால் வழித்து எடுக்க வேண்டும். குளிர் நமக்கு உதவி செய்கிறது, கட்டியாகவே வரும். அதைவிட முக்கியம், தட்டைக் கழுவப் போடுவதற்கு முன் மிச்சத்தை வழித்துவிடுவது. பாதி வேலை அங்கேயே முடிந்தது.

பொரித்த எண்ணெய் வேறு விஷயம். அதைத் தொட்டியிலும் ஊற்றக் கூடாது. எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் சேருகிற கெட்ட பொருளுக்குப் போலார் காம்பவுண்ட் என்று பெயர். அது 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து சட்டம். அதை பயோடீசலுக்கு வாங்கிக்கொள்கிற ஏற்பாட்டையும் உணவுப் பாதுகாப்புத் துறை அந்த வருஷமே தொடங்கியது. சும்மா கொட்டுகிற எண்ணெய்க்குக் காசு தருகிறார்கள், வேறு என்ன வேண்டும்?

கேரட் கழுவுகிற அண்ணன்மார்களும் வந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இதே தொட்டிதான், அளவு பெரிது. மிஷினிலிருந்து சேறாக வருகிற தண்ணீரைத் தேக்கித் தெளியவிட்டால் அதே தண்ணீரில் மறுபடி முதல் கழுவு கழுவலாம். அடியில் தங்கும் மண் நம் தோட்டத்து மேல்மண். ஓடையில் விட நமக்கு என்ன உரிமை?

"செய்ய முடியுமா?" என்று சிலர் கேட்கிறீர்கள். 2000-ஆம் ஆண்டு வாக்கிலேயே பிளாஸ்டிக் பையை வேண்டாம் என்று சொன்ன மாவட்டம் இது. மாநிலம் முழுக்க அந்தத் தடை வந்தது 2019 ஜனவரியில். யானைக் காலை உடைந்த பாட்டில் கிழிக்கிறது என்று கேள்விப்பட்டு, 2022-ல் மதுபாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டில் வந்தால் திருப்பிக் கொடுக்கிற திட்டம் முதலில் நடைமுறைக்கு வந்ததும் இங்கேதான். ஒரு பத்து ரூபாய் பாட்டிலைக் காட்டுக்குப் போகாமல் கடைக்குத் திரும்ப வைத்தது. மலையில் எல்லாம் முடியும்.

அடுப்பைப் பற்றியும் பேச வேண்டும். வர்க்கி அடுப்புக்கும் டீ பேக்டரிக்கும் எரிகிற விறகுக் கணக்கு பெரியது. குப்பையில் காட்டுமாடு மேய்வதை நீங்களே தினம் பார்க்கிறீர்கள். தலைவர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதனால் அவற்றை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்கிறேன். இன்று எனக்குத் தொட்டி ஒன்றுதான் வேண்டும்.

அதிகாரி அம்மாவிடம் இந்தச் சபையில் ஒரு கோரிக்கை வைக்கிறேன். கடை உரிமம் புதுப்பிக்கும்போது தொட்டி இருக்கிறதா என்று ஒரு கேள்வி சேருங்கள். இடம் இல்லாத சின்னக் கடைகளுக்கு, பத்துக் கடை சேர்ந்து ஒரு பொதுத் தொட்டி கட்ட நகராட்சி ஒரு மூலையைக் காட்டட்டும். செலவை நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்று சொல்லிக்கொடுத்த என் அம்மா இன்று இல்லை. இருந்தால் அவர்தான் இங்கே நின்று கேட்டிருப்பார்.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். பெயரும் கடையும் எழுதுங்கள். எனக்குக் கட்டிக்கொடுத்த கொத்தனார் வியாழக்கிழமை வருகிறார், அளவெடுக்கக் காசு கிடையாது. தூக்குப்போசி இந்த மேசையிலேயே இருக்கும், போகும்போது ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். நேற்று மார்க்கெட் பாலத்துக்குக் கீழே மொண்ட தண்ணீர் அதில் இருக்கிறது. நன்றி, வணக்கம்.