அந்தத் தாள் ‘நீ யார்’ என்று கேட்கவில்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

‘இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரப்பட்ட காப்புரிமைகள் கைகொடுத்தது எளியவருக்கா, வலியவருக்கா?’ இதுதான் தலைப்பு. எளியவருக்கே என்று சொல்ல வந்திருக்கிறேன். காப்புரிமை என்றால் பேடன்ட்: ஒன்றைக் கண்டுபிடித்தவரைக் கேட்காமல் வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று குறிப்பிட்ட காலத்துக்கு அரசு எழுதிக் கொடுக்கும் தாள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கதைகளைச் சொன்னார். கார் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைக் கண்டுபிடித்த மேரி ஆண்டர்சனுக்கு ஒரு காசும் வரவில்லை என்றார். தூசி உறிஞ்சும் கருவியைச் செய்தவர் ஸ்பாங்ளர், பேர் வாங்கியவர் ஹூவர் என்றார். செல்டன் என்ற வக்கீல் ஒரு காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு கார் செய்தவர்களிடமெல்லாம் பணம் வசூலித்தார் என்றார். மூன்றும் நடந்தவைதான். ஆனால் மூன்றையுமே அவர் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன்.

ஸ்பாங்ளரிடமிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலம், கேன்டன் என்ற ஊர். அங்கே ஒரு பெரிய கடையில் கூட்டிப் பெருக்கும் வேலை அவருக்கு. வயது அறுபதை நெருங்குகிறது. ஆஸ்துமா வேறு. கம்பளத்தைப் பெருக்கப் பெருக்கத் தூசி கிளம்பும். கிளம்பிய தூசி நேரே அவர் நெஞ்சுக்குள் போகும். இளைப்பு நோயாளி ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்த மூச்சுச் சத்தம் தெரியும். வேலையை விட்டால் சோறு போய்விடும், விடாவிட்டால் மூச்சு போய்விடும். மனிதர் என்ன செய்தார்? ஒரு மின்விசிறியின் மோட்டாரை எடுத்தார். ஒரு துடைப்பத்தின் கைப்பிடியை எடுத்தார். வீட்டிலிருந்து ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தார். மோட்டார் காற்றை இழுக்கும்; காற்றோடு தூசியும் வரும்; காற்று துணியின் இழைகள் வழியே வெளியேறிவிடும், தூசி உறைக்குள்ளேயே தங்கிவிடும். 1908 ஜூன் 2-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. எண் 8,89,823.

இப்போது எண்ணிப் பாருங்கள். தோல் பொருள் வியாபாரம் செய்துவந்த ஹூவர் குடும்பம் வசதியானது. ஸ்பாங்ளரிடம் அந்தத் தாள் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், தலையணை உறையும் துடைப்பக் கட்டையும் கொண்ட ஒரு கருவியைப் பார்த்து அதே மாதிரி செய்துகொள்ள எத்தனை நாள் ஆகியிருக்கும்? தாள் இருந்தது. அதனால் ஹூவர் விலை கொடுத்து உரிமையை வாங்க வேண்டியிருந்தது. ஸ்பாங்ளரை நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டு ராயல்டி என்ற உரிமைத்தொகையும் கொடுத்தார்கள். அவர் 1915-இல் இறந்த பிறகு அது அவர் குடும்பத்துக்குப் போயிற்று. பெயர் ஹூவருடையதாகிவிட்டது, சரி. ஆனால் துடைப்பம் பிடித்த கைக்குப் பணம் வந்து சேர்ந்ததே, அதை யார் செய்தது?

எங்கள் ஊரில் ஒரு பட்டறைக்காரர் இருந்தார். நிலக்கடலை உடைக்கும் இயந்திரத்தில் பருப்பு நொறுங்காமல் வருகிற மாதிரி சல்லடையை மாற்றி அமைத்தார். சுற்று வட்டாரமே அவரிடம் வந்தது. இரண்டு அறுவடை கழிவதற்குள் வெளியூரிலிருந்து அதே சல்லடை வந்து இறங்கியது, விலையும் குறைவு. அவரிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, ‘அது நான் போட்ட ஓட்டைடா’ என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தத் தலைப்பு வந்ததும் எனக்கு அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

காப்புரிமை வாங்க ஏழையால் முடியுமா என்று கேட்டார்கள். அமெரிக்காவில் அப்போது விண்ணப்பிக்க 15 டாலர், உரிமை கிடைக்கும்போது 20 டாலர். ஆக 35 டாலர். 17 ஆண்டுக்கு உரிமை. ஃபோர்டு 1914-இல் கூலியை உயர்த்துவதற்கு முன்னால் அவர் ஆலையில் ஒரு நாள் கூலி 2 டாலர் 34 சென்ட். கணக்குப் போட்டால் பதினைந்து நாள் கூலி. வக்கீலுக்கும் படம் வரைபவருக்கும் தனிச் செலவு உண்டு, மறைக்கவில்லை. இருந்தாலும் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஒரு தொழிலாளி எட்டிவிடக்கூடிய தூரம்தான் அது.

ஜெர்மனிக்கு வாருங்கள். டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற குடும்பத் தலைவி. காப்பியில் மண்டி வாயில் தட்டுகிறது, கசப்பும் கூடுகிறது என்பது அவருடைய குறை. ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்து ஆணியும் சுத்தியலும் கொண்டு அடியில் ஓட்டை போட்டார். மகனுடைய பள்ளிக்கூட நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து வட்டமாக வெட்டி உள்ளே வைத்தார். மேலே காப்பித்தூள், அதன் மேல் வெந்நீர். நம் வீட்டுப் பித்தளை ஃபில்டரில் துளை செய்கிற வேலையை அங்கே தாள் செய்கிறது. துளிக்கூட மண்டியில்லாத காப்பி இறங்கியது. 1908 ஜூன் 20-ஆம் தேதி பெர்லினில் பதிவு கிடைத்தது. சிறு கண்டுபிடிப்புகளுக்கென்றே ஜெர்மனியில் எளிய பதிவு ஒன்று இருந்தது, அதுதான் இது. அதே ஆண்டு டிசம்பரில் அவர் நிறுவனத்தைப் பதிவு செய்தபோது போட்ட முதல் எவ்வளவு தெரியுமா? 73 ஃபென்னிக். நூறு ஃபென்னிக் சேர்ந்தால்தான் அந்த ஊர்ப் பணத்தில் ஒரு மார்க். ஒரு மார்க் கூட முழுசாக இல்லை! அடுத்த ஆண்டு லைப்சிக் கண்காட்சியில் 1,200-க்கும் மேற்பட்ட வடிகட்டிகள் விற்றன. கையில் 73 ஃபென்னிக் வைத்திருந்த ஒரு அம்மாவிடமிருந்து இதைப் பறித்துக்கொள்ளப் பாத்திரக் கம்பெனிகளுக்கா தெரியாது? இன்றைக்கும் அந்தப் பெயரில் காகித வடிகட்டி விற்கிறது.

சரி, மேரி ஆண்டர்சன். அலபாமாக்காரர். குளிர்காலத்தில் நியூயார்க் போனவர் டிராம் வண்டியில் ஏறுகிறார். முன் கண்ணாடியில் பனி படிந்து ஓட்டுநருக்குப் பாதை தெரியவில்லை. பார்ப்பதற்காகக் கண்ணாடியைத் திறந்தால் முகத்தில் பனிக்காற்று அறைகிறது. ஊர் திரும்பிய பிறகு அவர் வரைந்து கொடுத்த அமைப்பை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் வெளியே ரப்பர் வைத்த ஒரு கை கண்ணாடியின் மேல் நகர்கிறது. கண்ணாடியை விட்டு விலகாமல் ஒட்டியே நிற்க ஒரு எடை. வெயில் காலத்தில் தேவையில்லையென்றால் கழற்றி வைத்துவிடலாம். அதைக்கூட யோசித்திருக்கிறார். 1903 நவம்பர் 10-ஆம் தேதி உரிமை கிடைத்தது. 1905-இல் கனடாவில் ஒரு நிறுவனத்திடம் கொண்டுபோனார். வியாபாரத்துக்கு உதவாது என்று திருப்பி அனுப்பினார்கள். 1920-இல் காலம் முடிந்தது. அதற்குப் பிறகுதான் கார்களில் வைப்பர் பரவியது.

மனசு கனக்கிறது, நடுவர் அவர்களே. ஆனால் கதவைச் சாத்தியது யார்? சந்தை சாத்தியது. காப்புரிமை அலுவலகம் திறந்துதான் விட்டது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை வந்தது 1920-இல். வாக்குச்சீட்டு கையில் இல்லாத காலத்தில், ‘இது உன் அறிவில் பிறந்தது’ என்று ஒரு பெண்ணுக்கு அரசு எழுதிக் கொடுத்தது அந்தத் தாளில்தான். அது இல்லையென்றால் இன்று நாம் மேரி ஆண்டர்சன் என்ற பெயரையே உச்சரித்திருக்க மாட்டோம்.

செல்டன் கதையைச் சுருக்கமாக முடிக்கிறேன். ஃபோர்டு பணம் கட்ட மறுத்தார், 1903-இல் வழக்கு, 1909-இல் தோற்றார், 1911-இல் மேல்முறையீட்டில் வென்றார். எப்படி வென்றார்? செல்டனின் தாளில் உள்ள என்ஜின் வேறு வகை, ஃபோர்டு செய்கிற என்ஜின் வேறு வகை என்று நீதிமன்றம் சொன்னது. எதை எழுதிக் கொடுத்தாயோ அதற்கு மட்டும்தான் உரிமை. வலியவரைக் கட்டிப்போட்டதும் அவர் கையிலிருந்த அதே தாள்தான்.

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. மருந்துச் சேர்மானத்தை மகனுக்குக்கூடச் சொல்லாமல் கண்ணை மூடிய வைத்தியர்கள் எத்தனை பேர்! காப்புரிமை அந்தப் பூட்டை உடைத்தது. படம் வரைந்து, செய்முறை எழுதி, ஊருக்கே காட்டிவிடு. குறிப்பிட்ட காலம் உனக்கு, அப்புறம் எல்லாருக்கும். விஞ்ஞானத்தில் காசு பார்க்க விரும்பாத நம் ஜகதீஷ் சந்திர போஸ்கூட நண்பர்கள் வற்புறுத்தலால் 1901-இல் விண்ணப்பித்தார், 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அந்த உரிமையால் அவர் பணம் தேடவில்லை. ஆனால் படிகத்தைக் கொண்டு வானொலி அலையை உணரும் கருவியை ஒரு கல்கத்தாக்காரர் அவ்வளவு முன்பே செய்தார் என்பதற்கு அரசு முத்திரையோடு சான்று இருக்கிறது.

மணி அடித்துவிட்டீர்கள். ஒரே ஒருவர், முடித்துவிடுகிறேன்.

காரட் மார்கன். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட பெற்றோரின் மகன். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் தையல் இயந்திரம் பழுது பார்த்தவர். புகை மேலே ஏறும், தரையோரம் மூச்சுவிடக் காற்று மிஞ்சும் என்பதைக் கவனித்தார். தலையை மூடும் ஒரு உறை. அதிலிருந்து தரை வரை தொங்கும் குழாய். அதற்குள் நனைத்த பஞ்சு. 1914-இல் காப்புரிமை. 1916-இல் ஈரி ஏரிக்கு அடியில் தோண்டிய சுரங்கப்பாதையில் வெடிப்பு நேர்ந்து ஆட்கள் சிக்கியபோது, அந்த உறையை மாட்டிக்கொண்டு அவரே உள்ளே இறங்கி உயிரோடு ஆட்களைத் தூக்கி வந்தார். அதே உறையை விற்கப் போனபோது, செய்தவர் கறுப்பர் என்று தெரிந்தால் வாங்க மாட்டார்கள் என்று ஒரு வெள்ளைக்காரரைக் கூலிக்கு வைத்து விற்க வேண்டியிருந்தது.

சந்தை நிறம் கேட்டது. காப்புரிமை அலுவலகம்? அங்கே ஹென்றி பேக்கர் என்று ஒரு கறுப்பின அதிகாரி இருந்தார். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காகக் கறுப்பின மக்கள் பெற்ற காப்புரிமைகளைப் பட்டியல் எடுக்க வேண்டியிருந்தது. தம் அலுவலகப் பதிவேடுகளைப் புரட்டினார். எடுக்க முடியவில்லை. விண்ணப்பங்களில் நிறம் எழுதும் வழக்கமே இல்லை. ‘உங்களிடம் வந்தவர்களில் கறுப்பர் யாராவது உண்டா?’ என்று நாடெங்கும் உள்ள காப்புரிமை வழக்கறிஞர்களுக்குக் கடிதம் எழுதித்தான் அந்தப் பெயர்களைச் சேர்க்க முடிந்தது.

அந்தக் கடிதக் கட்டை எங்கள் அணியின் சாட்சியாக வைக்கிறேன், நடுவர் அவர்களே. தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.