உஹதில் நிற்கப் போகிறவர்களுக்கு

(உம்ரா பயணிகள் வழியனுப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

விழாத் தலைவர் அவர்களே, பெரிய பள்ளிவாசல் முத்தவல்லி அவர்களே, மேடையை அலங்கரிக்கும் உலமாப் பெருமக்களே, பக்கத்து மஹல்லாக்களிலிருந்து சிரமம் பாராமல் வந்திருக்கும் ஜமாஅத் நிர்வாகிகளே, மத்ரஸா உஸ்தாதுகளே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, இன்ஷா அல்லாஹ் அடுத்த மாதம் மக்கா, மதீனாவுக்கு உம்ராப் பயணம் புறப்படும் அல்லாஹ்வின் விருந்தாளிகளே! எனக்கு ஓதிக் கொடுத்த மூத்த ஹஜ்ரத் அவர்கள் முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் உத்தரவு போட்டதால்தான் நான் ஒலிபெருக்கி முன் நிற்கிறேன். பந்தல் போட்ட இளைஞர்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக.

மதீனாவுக்கு அருகே, நபிகள் நாயகத்தின் காலத்தில் போர் நடந்த உஹதைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று அந்த மலை. இரண்டு, வில்லாளர் குன்று. மூன்று, ஜியாரத்தின், அதாவது அந்த இடங்களைச் சென்று காண்பதன் ஒழுக்கம்.

மலை, மதீனாவில் நபியவர்களின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவிக்கு வடக்கே ஏறக்குறைய 5 கிலோமீட்டர். "உஹது நம்மை நேசிக்கிற மலை, நாமும் அதை நேசிக்கிறோம்" என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னது புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது. அங்கே இறங்கியதும் முதலில் தலை நிமிர்ந்து அந்த மலையைப் பாருங்கள். கைப்பேசியை எடுப்பது பிறகு ஆகட்டும்.

நம் பெரியவர்கள் "அகல உழுவதை விட ஆழ உழு" என்றார்கள். மதீனா ஜியாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வார்த்தை எனக்குத் தெரியாது. குபா பள்ளி, கிப்லத்தைன் பள்ளி, கந்தக் போர்க்களம், உஹது, கடைசியில் பேரீச்சந்தோட்டம் என்று எல்லாவற்றையும் பயண ஏற்பாட்டாளர்கள் லுஹர் தொழுகைக்கு முன்னால் முடித்து ஹோட்டலில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். உஹதுப் போர் நடந்தது ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம், கி.பி. 625. மக்காவிலிருந்து எதிரிகள் 3,000 பேர் திரண்டு வந்தார்கள். மதீனாவிலிருந்து கிளம்பிய 1,000 பேரில் 300 பேரை நயவஞ்சகர்களின் தலைவன் அப்துல்லாஹ் பின் உபை பாதி வழியிலேயே திருப்பிக்கொண்டு போனான். மிச்சம் 700 பேர் நின்ற களம் அது. அதற்குப் பேருந்து நிற்கும் இருபது நிமிடம் போதுமா?

ஒரு பயணத்தில் எங்கள் பேருந்து அங்கே நின்றது. தள்ளுவண்டிகளில் அஜ்வாவும் மிஸ்வாக்கும் தஸ்பீஹ் மணியும் பரப்பி வைத்திருந்தார்கள். பாதிப் பேர் அங்கேயே நின்றுவிட்டார்கள். எங்கள் குழுவில் வயதான உம்மா ஒருவர், முட்டி வலியோடு, உஹதில் உயிர் கொடுத்த ஷஹீதுகள் அடங்கியிருக்கும் இடத்தின் கம்பி வேலி வரைக்கும் மெல்ல வந்து சேர்ந்தார். உள்ளே பார்த்தால் பெயர்ப்பலகை இல்லை, கப்ரின் தலைமாட்டில் நடும் மீஸான் கல் இல்லை. மண்தரையும் அங்கங்கே கல்வரிசையும்தான். "தம்பி, ஹம்ஸா நாயகம் இங்கதான்னு தெரியும். வேற யாரு இருக்காங்க?" என்று, நாயகத்தின் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களை நினைத்துக் கேட்டார்.

"முஸ்அப் பின் உமைர் (ரலி) இருக்காங்க, உம்மா" என்றேன். மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த பிள்ளை; அவர் பூசிய அத்தரும் உடுத்திய உடையும் ஊரே பேசியவை. இஸ்லாத்துக்கு வந்ததும் வீடு கைவிட்டது. தாம் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனா மக்களுக்குக் குர்ஆன் கற்றுக்கொடுக்க நாயகம் (ஸல்) அவர்கள் அனுப்பி வைத்தது அவரைத்தான். உஹதில் கொடி பிடித்து நின்று ஷஹீதானார். கபனிட, அதாவது உடலைப் போர்த்தி அடக்க, ஒரே ஒரு துணிதான் இருந்தது. தலையை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் தலை தெரிந்தது. தலையை மூடி, காலுக்கு இத்கிர் புல்லைப் போடச் சொன்னார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். பிற்காலத்தில் பெரும் செல்வரான அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள், நோன்பு திறக்க உணவு வைத்தபோது இதை நினைத்து அழுதார்கள்; உணவைத் தொடவில்லை.

அந்த உம்மா வேலிக் கம்பியைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "கால மூட துணி இல்லையா? நான் பெட்டி நிறைய துணி வாங்கி வச்சிருக்கேனே தம்பி" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தார். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். "இன்னும் கொஞ்சம் சொல்லுங்க, அவுங்க போனா போகட்டும்" என்றார். அல்லாஹு அக்பர்! எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்தான் அன்றைக்கு எங்கள் எல்லோரையும் விட ஆழ உழுதார்.

இரண்டாவது, வில்லாளர் குன்று. அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) தலைமையில் 50 வில்லாளர்களை நாயகம் (ஸல்) அவர்கள் அங்கே நிறுத்தினார்கள். "பறவைகள் எங்களைக் கொத்திச் செல்வதைக் கண்டாலும் நான் ஆள் அனுப்பும் வரை நகராதீர்கள்" என்பது நாயகத்தின் கட்டளை. வெற்றி கிடைத்துவிட்டதென்று நினைத்துப் பெரும்பாலோர் இறங்கினார்கள். அன்றைக்கு எதிரணியில் இருந்த காலித் பின் வலீத் குதிரைப் படையோடு சுற்றி வந்தார். எழுபது பேர் ஷஹீத். நாயகத்தின் பல் உடைந்தது, முகத்தில் ரத்தம். ஆனால் அந்தக் குன்றில் ஏறி வில்லாளர்களைக் குறை பேசிவிட்டு இறங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனம் வேதனைப்படுகிறது. அல்லாஹ் மன்னித்துவிட்டதாக குர்ஆனின் ஆலஇம்ரான் அத்தியாயமே சொல்லுகிறது. அவர்களை மன்னியுங்கள், அவர்களோடு ஆலோசனை செய்யுங்கள் என்று நபிக்கே உத்தரவு வருகிறது. அதற்குப் பிறகு குறை பேச நாம் யார்?

மூன்றாவது, ஒழுக்கம். ஸலாம் சொல்லுங்கள், துஆச் செய்யுங்கள், மண்ணையும் கல்லையும் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். மற்றதை உலமாக்கள் சொல்வார்கள். இருக்கிற நேரத்தை என் கோரிக்கைக்கு எடுத்துக்கொள்கிறேன்.

நிர்வாகிகள் மன்னிக்கவும், இங்கே கொடுக்கிற பயிற்சி என்ன? இஹ்ராம் கட்டும் முறை, பெட்டியின் எடை, ரியால் மாற்றுவது. வேண்டியதுதான். ஆனால் மதீனாவின் முதல் ஆசிரியர் முஸ்அப் (ரலி) உறங்குகிற இடத்துக்கு ஒரு பாடம்கூடப் படிக்காமல் ஆள் அனுப்புகிறோம். ஒவ்வொரு மஹல்லாவிலும் பயணத்துக்கு முன் ஒரு மாதம் சீரா, அதாவது நபியவர்களின் வாழ்க்கை வரலாற்று வகுப்பு நடக்க வேண்டும். ஆண்களுக்கு இஷாவுக்குப் பிறகு, பெண்களுக்கு லுஹருக்குப் பிறகு மத்ரஸாவிலே. உஹதில் அன்றைக்கு நாயகத்தைக் காக்க வாளேந்தி நின்ற நுஸைபா (ரலி) வரலாறு நம் பெண் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? நான்கு இடத்தைக் குறைத்தாலும் சரி, உஹதில் அரை நாள் நிறுத்துங்கள் என்று பயண ஏற்பாட்டாளர்களிடம் ஜமாஅத் சார்பில் கேளுங்கள். அகல உழுவதை விட ஆழ உழு!

செயலாளர் அவர்கள் தீர்மானப் புத்தகத்தை மேடைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். இஷா பாங்குக்கு இன்னும் நேரம் இருக்கிறது. வகுப்புக்கு வர நினைக்கிறவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். திரைக்கு அப்பாலும் ஒரு தாள் அனுப்புகிறோம். வஸ்ஸலாம்.