இசே: இருபது வயதைத் தாண்டாத கோயில்

அனைவருக்கும் வணக்கம்.

ஜப்பான் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில் இரண்டு காட்சிகள் தவறாமல் இருக்கும். ஒன்று, கியோத்தோவில் மலைமேல் வரிசையாக ஏறிப்போகும் செந்நிற வாயில்கள். இன்னொன்று, மியாஜிமாவில் கடல் நீரில் நிற்கும் பெரிய வாயில். இரண்டுமே ஜப்பானின் மரபுச் சமயமான ஷிண்டோவின் கோயில்கள்தாம், இரண்டுமே அழகுதான். ஆனால் ஷிண்டோவுக்குத் தலைமைக் கோயில் எது என்று ஜப்பானியர்களைக் கேட்டால் இசே என்பார்கள். மியே மாநிலத்தில் இருக்கிறது. நகோயாவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம். சூரிய தேவி அமதெராஸு குடியிருக்கும் இடம் அது. அரச குடும்பம் தன் குலமுதல்வி என்று வணங்கும் தெய்வம் அவள்.

இவ்வளவு பெரிய கோயிலைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே போனாலும் கோயிலைப் பார்க்க முடியாது.

கருவறையைச் சுற்றி நான்கு அடுக்கு மரவேலி. கல்படி ஏறினால் ஒரு வாயில், அந்த வாயிலில் ஒரு வெள்ளைத் திரை. அதன் முன்னால் நின்று இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, மறுபடி ஒருமுறை குனிந்து வணங்கிவிட்டு நகர வேண்டியதுதான். காற்றடித்தால் திரை கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். உள்ளே கூழாங்கல் பரப்பிய முற்றம் தெரியும். படிக்கு மேலே படம் எடுக்கக் கூடாது. மற்றக் கோயில்களில் பத்தடிக்கு ஒன்று இருக்கும் குறி சொல்லும் சீட்டுகள் இங்கே விற்பதில்லை. வர்ணம் கிடையாது. வழுவழுப்பான வெறும் மரமும் வைக்கோல் நிறத்தில் புற்கூரையும்தான். வேலிக்கு மேலாக, முகட்டின்மீது குறுக்கே வைத்த உருளைக் கட்டைகள் மட்டும் கொஞ்சம் தெரியும். எண்ணிப் பார்க்க ஆசையிருந்தால், இசேயின் இரு முதன்மைக் கோயில்களில், உள் கோயிலில் பத்து, வெளிக் கோயிலில் ஒன்பது.

இதைப் பார்க்கவா இத்தனை தூரம் என்று சலித்துக்கொண்டு திரும்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கட்டடம் பார்க்கப் போனால் அப்படித்தான் இருக்கும். இசேயில் பார்க்க வேண்டியது வேலை. அந்தத் திரைக்குப் பின்னால் இருப்பதற்காக ஒரு ஊரே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் வேலை.

எல்லாரும் கேள்விப்பட்டதையே முதலில் சொல்கிறேன். இருபது ஆண்டுக்கு ஒருமுறை கோயிலை அடுத்த மனையில் புதிதாகக் கட்டி, தெய்வத்தை அங்கே குடிபெயர்த்துவிட்டு, பழையதைப் பிரித்துவிடுவார்கள். ஜிதோ பேரரசி காலத்தில் 690இல் தொடங்கிய வழக்கம். கடைசியாக 2013இல் நடந்தது 62ஆவது முறை. அடுத்தது 2033. ஏன் இருபது ஆண்டு என்று பழைய ஏடுகள் எதிலும் காரணம் எழுதிவைக்கவில்லை. தச்சர்கள் தொழிலைக் கைமாற்ற ஏற்ற காலம் என்கிறார்கள், புற்கூரையின் ஆயுள் அவ்வளவுதான் என்கிறார்கள். எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது.

குடிபெயர்ப்பு அக்டோபர் மாத இரவில். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அர்ச்சகர் ஒருவர் சேவல் கூவுவதுபோல மூன்று முறை குரல் கொடுப்பார். சூரிய தேவி குகைக்குள் ஒளிந்துகொண்டபோது சேவல்களைக் கூவவைத்த புராணக் கதை அதன் பின்னால் இருக்கிறது. உள் கோயில் வளாகத்தில் இன்றும் சேவல்கள் உரிமையோடு உலாவுகின்றன. கட்டடத்தோடு விஷயம் முடிவதில்லை. வாள், ஆடை, குதிரைச் சேணம், கண்ணாடி என்று 714 வகையில் 1576 பொருள்களையும் புதிதாகச் செய்தாக வேண்டும். ஒரு வாளின் கைப்பிடிக்குத் தோக்கி என்ற கொண்டைப் பறவையின் இறகு தேவை. அந்தப் பறவை ஜப்பானியக் காடுகளில் அற்றுப்போன பிறகு, இரண்டு இறகு தேடுவதே பெரும்பாடாகிவிட்டது.

இது இடைவிடாமல் நடந்துவந்த சடங்கு என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்ப வேண்டாம். பதினைந்தாம் நூற்றாண்டில் உள்நாட்டுச் சண்டைகள் மூண்டபோது, நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் நின்றே போனது. 1563இல் வெளிக் கோயிலை மறுபடி கட்டுவதற்கு ஊர் ஊராகப் போய் நிதி திரட்டியது யார் தெரியுமா? கெய்க்கோயின் என்ற மடத்தைச் சேர்ந்த புத்தத் துறவினி. புத்தத் துறவிகள் கருவறைப் பக்கம் நெருங்கக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. கிட்டப் போக முடியாத கோயிலுக்குப் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார் அந்தம்மா.

மரத்துக்கு வருவோம். ஒருமுறை கட்ட ஹினோக்கி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரங்கள் சுமார் பத்தாயிரம் வேண்டும். முன்னெல்லாம் கோயிலின் சொந்த மலையிலேயே வெட்டினார்கள். அது தீர்ந்துபோய், பல நூற்றாண்டாகக் கிசோ மலைக்காடுகளிலிருந்து வருகிறது. 1923இல் ஒரு முடிவெடுத்தார்கள்: சொந்தக் காட்டில் மறுபடி மரம் வளர்ப்பது, இருநூறு ஆண்டு காத்திருப்பது. காடு சுமார் 5,500 ஹெக்டேர். இசே நகரப் பரப்பில் கால்வாசி. இருநூறு ஆண்டுக்கு விட்டுவைக்க வேண்டிய மரத்தின் தண்டில் வெள்ளைப் பெயின்டால் இரட்டைக் கோடு வளையமாகப் போட்டிருப்பார்கள். கோடு போட்டவர் அந்த மரம் தூணாவதைப் பார்க்க மாட்டார், அவர் பேரனும் பார்க்க மாட்டார். நெருக்கம் குறைக்க வெட்டிய மரங்களைக் கொண்டே 2013இல் தேவையில் கால்வாசியை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள்.

பழைய மரம் எங்கே போகிறது? முகட்டைத் தாங்கிய பெரிய தூண்களைச் செதுக்கி, இசுஸு ஆற்றின்மீதுள்ள ஊஜி பாலத்தின் இரு முனைகளிலும் வாயில்களாக நிறுத்துவார்கள். இருபது ஆண்டு அங்கே நின்ற பிறகு அவை பழைய நெடுஞ்சாலை ஊர்களான செக்கிக்கும் குவானாவுக்கும் போய் மறுபடி வாயிலாக நிற்கும். ஆக, ஒரு தூணுக்கு அறுபது ஆண்டுப் பணி. மீதி மரம் நாடெங்கும் உள்ள கோயில்களுக்குப் போகிறது. 2011 ஆழிப்பேரலையில் சேதமடைந்த வடகிழக்குக் கோயில்களுக்கும் போனது.

இசே என்பது ஒரே கோயில் இல்லை. பெரியதும் சிறியதுமாக 125 கோயில்களின் தொகுதி. முதன்மையானவை இரண்டு: அமதெராஸுவின் உள் கோயில் நைகூ, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, தொயோஊக்கே என்ற தெய்வத்தின் வெளிக் கோயில் கெகூ. முதலில் கெகூவை வணங்கிவிட்டுத்தான் நைகூவுக்குப் போக வேண்டும் என்பது மரபு. அவசரக்காரர்கள் கெகூவை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், ஒன்றை விட்டேயாக வேண்டும் என்றால் கெகூவை விடாதீர்கள் என்பேன்.

ஏனென்றால் மடைப்பள்ளி அங்கேதான். தொயோஊக்கேயை அழைத்து வந்ததே அமதெராஸுவுக்கு அமுது படைக்கத்தான் என்பது தலவரலாறு. சுமார் 1500 ஆண்டுகளாகக் காலையும் மாலையும் படையல் நின்றதில்லை என்று கோயில் மரபு சொல்கிறது. புயல் நாளிலும் உண்டு. முறைக்காரரான அர்ச்சகர்கள் முந்தின இரவே வந்து தங்கி, குளித்துச் சுத்தமாகி, கட்டையில் கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்குவார்கள். ஹினோக்கிப் பலகையில் யாமாபிவா மரக் குச்சியைச் சுழற்ற வேண்டும். தீப்பெட்டிக்கு இடமில்லை. தண்ணீர், கோயிலின் சொந்தக் கிணற்றிலிருந்து. சோறு, உலர்ந்த மீன், கடல்பாசி, காய், கனி, உப்பு, தண்ணீர், சாக்கே என்ற அரிசி மது. இவ்வளவுதான் படையல். பரிமாறும் மண்சட்டிக்கு மெருகு கிடையாது. ஒருமுறை பயன்பட்டால் அதன் வேலை முடிந்தது, மண்ணுக்கே திரும்பும்.

அந்த உப்பைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடையில் வாங்கியது இல்லை. இசுஸு ஆறு கடலோடு சேரும் இடத்தில் கோயிலுக்கென்று ஒரு உப்பளம். ஜூலை மாதக் கொடும் வெயிலில் அங்கே உவர்நீரைத் திரட்டி, ஃபுதாமியில் ஒரு குடிசைக்குள் பெரிய இரும்புச் சட்டியில் காய்ச்சுவார்கள். வரும் உப்பு சொரசொரவென்று இருக்கும். அதை முக்கோணமான மண் அச்சில் கெட்டித்துச் சுட்டெடுத்தால், கல்போல இறுகிய முக்கோணக் கட்டி கிடைக்கும். படையலுக்குப் போவது அதுதான். நெல்லுக்கும் தனி வயல் இருக்கிறது. பெருவிழாக்களுக்கான அபலோனி என்ற கடல் நத்தையைத் தோபா பக்கத்துக் குசாக்கி மீனவப் பெண்கள் மூழ்கி எடுக்கிறார்கள்.

அப்புறம், இந்த ஊர் எதை வைத்துப் பிழைத்தது என்ற கதை. ஷோகன்கள் ஆண்ட எடோ காலத்தில் (17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை) ஊரைவிட்டு ஊர் போக விவசாயிகளுக்கு ஆயிரம் தடை. இசே யாத்திரை என்றால் விட்டுவிடுவார்கள். செலவுக்கு? ஊருக்கு ஊர் 'இசே-கோ' என்று குழு இருந்தது. நம் ஊர்ச் சீட்டு மாதிரியேதான்: எல்லாரும் பணம் போடுவார்கள், குலுக்கலில் பெயர் வந்தவர் ஊர் சார்பில் போய்வருவார். வருகிறவர்களை வீட்டில் தங்கவைத்து, விருந்து போட்டு, கோயிலுக்கு அழைத்துப் போக 'ஓன்ஷி' என்ற அர்ச்சக முகவர்கள் இருந்தார்கள். அவர்களே நாடெங்கும் போய்த் தாயத்தும் நாள்காட்டியும் கொடுத்து ஆள் பிடிப்பார்கள். வெளிக் கோயில் இருந்த யாமாதாவில் அவர்கள் வெளியிட்ட சீட்டுகள்தாம் ஜப்பானின் முதல் காகிதப் பணம் என்பார்கள். பக்தியோடு வியாபாரமும் அங்கே எப்போதும் சேர்ந்தே இருந்திருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

சில ஆண்டுகளில் கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. 1830இல் சில மாதங்களுக்குள் நாற்பது லட்சத்துக்கும் மேல் வந்ததாகக் கணக்கு. முதலாளியிடம் சொல்லாமல் வேலைக்காரப் பையன்கள் அகப்பை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள், வழியில் அன்னமிடுவார்கள். போக முடியாதவர்கள் தங்கள் நாயை அனுப்பிவைத்தார்கள். கழுத்தில் காசுப் பையைக் கட்டிவிட்டால், வழிப்போக்கர்கள் தீனி போட்டு ஊர் ஊராகக் கடத்திவிடுவார்கள். கதைபோல இருக்கும், ஆனால் அக்காலப் படங்களிலேயே அந்த நாய்கள் இருக்கின்றன.

ஷோகன்கள் போய்ப் பேரரசர் பெயரில் மெய்ஜி ஆட்சி வந்ததும் கோயில் அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1871இல் ஓன்ஷிகளை ஒழித்தார்கள். மக்கள் கொண்டாட்டமாக இருந்த இடம் அரச பக்தியின் அடையாளமாகி, போர்க் காலத்தில் படைவெறிக்கும் துணைபோனது. 1945 ஜூலையில் விமானக் குண்டுவீச்சில் ஊரின் பெரும்பகுதி எரிந்தது. போர் முடிந்தபின் அரசுப் பணம் நின்றது. 1949இல் நடக்க வேண்டிய புதுப்பிப்புத் தள்ளிப்போனது. அந்த ஆண்டு ஊஜி பாலத்தை மட்டுமாவது கட்டிவிடுவோம் என்று கட்டினார்கள். கோயில் 1953இல் மக்கள் நன்கொடையில் எழுந்தது. அதனால்தான் இன்றும் பாலம் நான்கு ஆண்டு முந்திக்கொள்கிறது: பாலம் 2009, கோயில் 2013.

ஊருக்கு இசே என்ற பெயர் வந்ததே 1955இல்தான், அதுவரை ஊஜியாமாதா. வீட்டு வாசல்களைக் கவனியுங்கள். மற்ற ஊர்களில் புத்தாண்டு முடிந்ததும் கழற்றிவிடும் வைக்கோல் கயிற்று அலங்காரம் இங்கே ஆண்டு முழுதும் தொங்கும். பாலத்தை ஒட்டிய ஓஹராய்மாச்சித் தெருவில் 1707 முதல் இருக்கும் அகாஃபுகு கடை விடியற்காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். ஒட்டரிசிக் கொழுக்கட்டைமேல் பயற்று விழுது, அதில் மூன்று விரல் தடம். அது இசுஸு ஆற்றின் நீரோட்டமாம், அடியில் இருக்கும் வெள்ளை ஆற்றுக் கூழாங்கல்லாம். இசே உதோன் என்ற தடித்த நூடுல்ஸும் உண்டு. ஒரு மணி நேரம் வேகவைத்து, கறுப்புச் சாற்றில் புரட்டித் தருவார்கள். நடந்து களைத்த யாத்ரிகர் வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று அப்படி வந்ததாம். எனக்கு அந்தக் குழைவு பிடிக்கவில்லை. ஊர்க்காரர்களிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

திரைக்குப் பின்னால் யாரும் பார்க்க முடியாது என்றேன். ஒரு விலக்கு உண்டு. திருப்பணிக்கான மரங்களை ஊர்க்காரர்களே இழுத்து வருகிறார்கள். வெளிக் கோயிலுக்கு வண்டியில் ஏற்றித் தெருவழியே, உள் கோயிலுக்கு ஆற்றில் இறங்கி. தெருவுக்குத் தெரு போட்டி, பாட்டு, கூச்சல். கட்டி முடித்ததும், தெய்வம் குடியேறுவதற்கு முந்தைய கோடையில், மியாகவா ஆற்றில் பொறுக்கிய வெள்ளைக் கற்களைத் துணியில் ஏந்திக்கொண்டு உள்ளே போய்ப் பரப்புவார்கள். அப்போது நான்கு வேலியையும் தாண்டி, புது மரம் மணக்கும் கருவறையின் பக்கத்திலேயே நிற்கலாம். இருபது ஆண்டில் அந்த ஒரு தடவைதான்.

அடுத்த சுற்று தொடங்கிவிட்டது. 2025 மே மாதம் முதல் சடங்கு முடிந்தது. மரம் இழுப்பு 2026, 2027 ஆண்டுகளில். வெளியூர்க்காரர்களும் முன்பதிவு செய்து ஒருநாள் ஊர்க்காரராகச் சேர்ந்துகொள்ள சென்ற முறை இடம் கொடுத்தார்கள். போகிறவர்கள் ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். கடைகள் மாலை ஐந்து மணிக்கெல்லாம் மூடிவிடும், ஆனால் கோயில் காலை ஐந்துக்கே திறந்துவிடும். அந்த நேரத்தில் சுற்றுலாப் பேருந்துகள் வந்திருக்காது.