வம்பை இழுத்தது வாத்துதான்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம். டிஸ்னியின் ‘டீ ஃபார் டூ ஹன்ட்ரட்’ கார்ட்டூனில் நடக்கும் கலாட்டாவுக்குக் காரணம் எறும்புகளா, டொனால்டு டக்கா என்பது தலைப்பு. டொனால்டுதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய நண்பர், “அடுத்தவர் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போவது திருட்டுதானே?” என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். சரி. 1948-ல் ஜாக் ஹன்னா இயக்கிய படம். ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விருதை டாம் அண்ட் ஜெர்ரி தட்டிக்கொண்டு போனது வேறு கதை. அதன் தொடக்கத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். டொனால்டு பிக்னிக் வந்திருக்கிறார். எறும்புகள் சாரைசாரையாகத் தம் பாட்டுக்குப் போகின்றன. இவர்தான் ஒரு குட்டி எறும்பைப் பிடித்து, அதன் தலையில் பண்டத்துக்கு மேல் பண்டமாக ஏற்றி வேடிக்கை பார்க்கிறார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை! தானே சுமத்திவிட்டு அப்புறம் திருட்டு என்று கூவினால், எந்த ஸ்டேஷனில் கேஸ் எழுதுவார்கள்?

“ஒன்றுக்குக் கிடைத்தால் ஊரையே கூட்டி வரலாமா?” என்றும் கேட்டார். எறும்பின் பிழைப்பே அதுதான் ஐயா. இரை கண்ட எறும்பு, புற்றுக்குத் திரும்பும்போது தரையில் வாசனைத் தடம் விட்டுக்கொண்டே போகும். மற்றவை அதைப் பிடித்து வந்துவிடும். தனியாகத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் பழக்கம் அவற்றுக்கு இல்லை.

தூங்குகிற டொனால்டை அலேக்காகத் தூக்கிக்கொண்டு போனது கொஞ்சம் அதிகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த இடத்தில் யாராவது “ஐயோ பாவம்” என்றோமா? சிரித்தோம். முதல் வம்பு யாருடையது என்று இயக்குநர் முன்பே நமக்குக் காட்டிவிட்டாரே! அந்த எறும்புகளைப் பழங்குடி மக்களைக் கேலிசெய்யும் பாணியில் வரைந்திருப்பது எனக்கும் உறுத்துகிறது. அந்தப் பழி வரைந்தவர்களைச் சேரட்டும், எறும்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

ஒருமுறை செய்தால் தவறு எனலாம். அதே ஆண்டு, அதே இயக்குநரின் ‘இன்ஃபீரியர் டெகரேட்டர்’ படத்தில் டொனால்டு சுவரில் பூப்போட்ட காகிதம் ஒட்டுகிறார். நிஜப் பூ என்று நம்பி வந்த தேனீ ஏமாறுகிறது. போனால் போகிறது என்று விட்டாரா? விழுந்து விழுந்து சிரிக்கிறார், சீண்டுகிறார். கடைசியில் பசையில் தானே மாட்டிக்கொண்டு கொட்டு வாங்குகிறார்.

மணி அடித்துவிட்டது. எதிரணித் தலைவருக்கு ஒரே கேள்வி: அந்தக் குட்டி எறும்பை டொனால்டு சும்மா விட்டிருந்தால், மீதிப் படத்தில் உங்கள் எறும்புகள் என்னதான் செய்திருக்கும்?