அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாளையங்கோட்டையின் இந்த வேக்காட்டிலும் நாற்காலியை விட்டு எழும்பாமல் இருக்கிற பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"எதிர்காலக் காதல் நாவலில் வாசகர் மனதில் நிற்பது காதலா, அறிவியலா?" என்பது தலைப்பு. அறிவியலே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர், "காதலுக்கு மாட்டு வண்டியும் ஒண்ணுதான், ராக்கெட்டும் ஒண்ணுதான்" என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிட்டுப் போனார். அந்தக் கைதட்டலை எப்படியாவது திருப்பி வாங்கவேண்டும் என்றுதான் மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

இன்று எடுத்துக்கொண்ட நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்னும் நூற்றைம்பது வருஷம் கழித்து நடக்கிற கதை. நாயகி செவ்வாய்க் கிரகத்துக் குடியிருப்பில் தண்ணீர்ப் பொறியாளர். நாயகன் இங்கே தாமிரபரணிக் கரையில் பழைய விதைநெல்லைக் காப்பாற்றி வைக்கிறவன். இருவருக்கும் பேசி முடித்தாயிற்று, அவள் வேலைக்காலம் முடிந்து திரும்பியதும் கல்யாணம். அதுவரை பேச்சில்தான் குடும்பம் நடக்கிறது.

வாசகர்கள் எழுதிக் கொடுத்த கருத்துச் சீட்டுகளில் சிலதை நடுவர் வாசித்துக் காட்டினார். அதில் ஒன்றை எதிரணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "அறிவியல் வருகிற பக்கங்களைத் தள்ளிவிட்டேன், காதலுக்காகத்தான் படித்தேன்" என்ற சீட்டு. சரி, அதே சீட்டின் கடைசி வரியையும் கேட்டீர்களா? "முட்டுவலி கேட்கிற இடத்தில் அழுதுவிட்டேன்." எத்தனையோ சீட்டுகளில் அந்த இடம் வருகிறது. அது என்ன இடம் என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

அன்றைக்கு விடியற்காலை நாயகனின் அம்மா இறந்துவிடுகிறாள். அவன் செவ்வாய்க்குச் செய்தி அனுப்புகிறான், "அம்மா போயிட்டா" என்று இரண்டே சொல். அன்று பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே 25 கோடி கிலோமீட்டர். ஒளி விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. அந்தத் தூரத்தைத் தாண்ட அதற்கு 14 நிமிடம் வேண்டும். அந்தச் செய்தி வழியில் இருக்கும்போதே, எதிர்த் திசையிலிருந்து அவள் முன்னாலேயே அனுப்பிய செய்தி இவனுக்கு வந்து சேருகிறது. அவள் சிரித்துக்கொண்டே கேட்கிறாள், "அத்தைக்கு முட்டுவலி எப்படி இருக்கு? அந்தத் தைலத்தைத் தேய்க்கச் சொன்னேனே, தேய்ச்சாளா?" தலைமாட்டில் விளக்கு எரிகிறது. அவன் அந்தச் சிரிப்பைக் கேட்டபடி கையில் தைலப் புட்டியோடு உட்கார்ந்திருக்கிறான். அவள் அழுது பேசும் குரல் வருவதற்கு மொத்தம் 28 நிமிடம் ஆகிறது. அதற்குள் வாசலில் பந்தல்கால் ஊன்றிவிட்டார்கள்.

நடுவர் அவர்களே, இந்தக் காட்சியை எந்த மாட்டு வண்டியில் ஏற்றுவது? நம்மூர்க் கைபேசியில் நடந்திருந்தால், "அம்மா போயிட்டா" என்றதும் மறுமுனையில் அலறல் கேட்டிருக்கும், காட்சி அங்கேயே முடிந்திருக்கும். ஒளிக்கு ஒரு வேகம் உண்டு, அதைத் தாண்ட எந்தச் செய்திக்கும் வழியில்லை. அந்த ஒரு விதிதான் நாயகியின் வாயில் அந்தக் கேள்வியை அந்த நேரத்தில் வைத்தது. மூன்றாம் வரிசையில் இருக்கிற ஆச்சி ஒருத்தர் கூட்டம் ஆரம்பிக்கும் முன்னாடி என்னிடம் சொன்னார்: "அந்தப் பிள்ளைக்குத் தெரியாதுல்லா, தெரியாமத்தான கேக்கு." ஆச்சிக்குக் கோடி கிலோமீட்டர் கணக்கு வேண்டாம். ஆனால் அந்தத் 'தெரியாது' எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் கணக்கில்தான் இருக்கிறது.

இது எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்த விஷயமில்லை. தொண்ணூறுகளில் எங்கள் சித்தப்பா சவுதியில் இருந்தார். டவுனில் வாகையடி முக்குப் பக்கம் ஒரு எஸ்.டி.டி. பூத்துக்குச் சித்தி என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு முக்காலி, தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஏறிக்கொண்டே போகும் ரூபாய். அந்தக் காலத்து வெளிநாட்டு அழைப்புகள் பல செயற்கைக்கோள் வழியாகப் போகும். அது நிற்பது பூமிக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டரில். குரல் மேலே போய்க் கீழே இறங்கக் கால் விநாடி, கேள்விக்குப் பதில் வர அரை விநாடி. அந்த அரை விநாடியில் பதில் வரவில்லையே என்று சித்தி மறுபடி பேச ஆரம்பிப்பாள், அங்கே சித்தப்பாவும் ஆரம்பிப்பார், இரண்டு பேரும் சட்டென்று நிறுத்துவார்கள். "நீங்க சொல்லுங்க." "இல்ல, நீ சொல்லு." மேலே ரூபாய் ஓடிக்கொண்டிருக்கும். கொஞ்ச நாளில் சித்தி ஒரு வழக்கம் கற்றுக்கொண்டாள். சொல்லிவிட்டு, கண்ணை மூடி, விரலால் முக்காலியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பாள். சித்தப்பா ஊருக்கு வந்து எதிரே உட்கார்ந்திருந்தபோதும் அந்த விரல் தட்டியது. அரை விநாடிக்கே ஒரு பெண்ணின் பேச்சு மாறிப்போகிறது என்றால், 28 நிமிடம் என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

எதிரணியில் பேசிய தமிழாசிரியர் தொல்காப்பியத்தைத் துணைக்கு அழைத்தார். முதல், கரு, உரி என்ற மூன்றில் உரிப்பொருளே சிறந்தது, உரிப்பொருள் என்பது காதல் ஒழுக்கம், ஆகவே காதல்தான் என்றார். ஐயா சொன்னதை மறுக்க நான் வரவில்லை. ஆனால் நிலமும் பொழுதும் ஏன் 'முதல்' என்று பெயர் வாங்கின? நெய்தலுக்கு இரங்கலை வைத்தவர்கள் கடலைப் பார்த்து வைத்தவர்கள். உவரிக்கும் இடிந்தகரைக்கும் போய்ப் பாருங்கள், கடலுக்குப் போனவர் வரும்வரை கரையில் கண் வைத்து நிற்பது என்ன என்று தெரியும். கடலை எடுத்துவிட்டால் அந்த இரங்கல் எங்கே போய் நிற்கும்? இந்த நாவலுக்குக் கடல் அந்த 25 கோடி கிலோமீட்டர்.

பிரிவுக்கு உரிய பாலையும் இதில் உண்டு. ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறை பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே சூரியன் வந்து நிற்கும். இன்றைக்கும் அந்தச் சமயத்தில் செவ்வாயில் இருக்கிற விண்கலங்களுக்குக் கட்டளை அனுப்புவதை இரண்டு வாரம் போல நிறுத்தி வைக்கிறார்கள். நாவலாசிரியர் இதை எடுத்து, நிச்சயம் பண்ணிய இருவருக்குள் சண்டை மூண்ட மறுநாளே சூரியனைக் குறுக்கே நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்கவும் வழியில்லாத இரண்டு வாரம். எனக்குப் பிடித்த அத்தியாயம் அதுதான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் நாற்பது பக்கம் குடியிருப்பின் குழாய், வால்வு, காற்றழுத்தம் என்று இழுக்கிறது. நானே இரண்டு தடவை மூடி வைத்தேன். ஆனால் பெரிய குறை கடைசி அத்தியாயத்தில் இருக்கிறது. அங்கே ஒரு புதுக் கருவி வருகிறது. எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு துகள்களின் நிலை ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் குவாண்டம் பின்னல் என்பார்கள், அதை வைத்து இருவரும் ஒரு நொடிகூடத் தாமதமில்லாமல் பேசிக்கொள்கிறார்கள். இயற்பியல் அதை ஒத்துக்கொள்ளாது. குவாண்டம் பின்னலால் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப முடியாது. அந்த அத்தியாயத்தைப் பற்றிச் சீட்டுகள் என்ன சொல்கின்றன? "முடிவு ஒட்டவில்லை." "சப்பென்று போச்சு." இதை எழுதியவர்களில் பலர் அறிவியல் படிக்காதவர்கள். காதல் பேச்சு அதே பேச்சுதான், சொல்லப்போனால் முன்னைவிட இனிப்பாகவே இருக்கிறது. விதியை உடைத்த இடத்தில் காதலும் கையை விட்டுப் போய்விட்டது, வாசகர்களுக்கு அது தெரிந்தும்விட்டது. எதிரணி இதற்கு ஒரு பதில் சொல்லட்டும், உட்கார்ந்து கேட்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் கொடுங்கள். 2014 செப்டம்பர் 24 காலை, மங்கள்யான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்ததா என்று தெரிந்துகொள்ள நாடே காத்திருந்தது. அங்கே நடந்தது இங்கே வந்து சேர 12 நிமிடத்துக்கு மேல் ஆனது. ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிற மகேந்திரகிரி நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அன்றைக்கு டிவி முன்னால் இருந்த எனக்கு, நல்லதோ கெட்டதோ அங்கே ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டது, நமக்குத்தான் இன்னும் தெரியவில்லை என்ற நினைப்பில் கை சில்லிட்டுப் போனது. தைலப் புட்டியோடு உட்கார்ந்திருந்தவனைப் படித்தபோது, அதே சில்லிப்பு.

நடுவர் அவர்களே, தீர்ப்புச் சொல்லும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை சத்தமாக வாசியுங்கள். நன்றி, வணக்கம்.