1267: ஊருக்கு நடுவே ஓடும் எண்ணெய் ரயில்

[திரையில்: கறுப்பு டேங்கர் வேகன். பக்கவாட்டில் சிவப்பு வைர வடிவப் பலகை.]

இந்தப் பலகையில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 1267. கச்சா எண்ணெய்க்கு உலகம் முழுக்க இதுதான் அடையாளம். பெட்ரோலுக்கு 1203. நம் ஊர் டேங்கர் லாரிகளில் பார்த்திருப்பீர்கள்.

அமெரிக்க டேங்கர் வேகன் ஒன்றில் ஏறக்குறைய 1.1 லட்சம் லிட்டர் எண்ணெய் பிடிக்கும். இப்படி 100 வேகன் கோத்து ஒரே ரயிலாக ஓட்டுகிறார்கள். அதாவது ஒரு கோடி லிட்டருக்கும் மேல் எண்ணெய் வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் ஒட்டிப் போகிறது.

இது ரொம்பப் பழைய பழக்கம் இல்லை. 2008-ல் அமெரிக்க ரயில்களில் போன கச்சா எண்ணெய் வெறும் 9,500 வேகன். 2013-ல் அது 4 லட்சத்தைத் தாண்டியது. அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில், பாக்கன் என்ற பகுதியில் எண்ணெய் பீறிட்டது. அதைக் கொண்டுபோகக் குழாய் போதவில்லை. தண்டவாளம் ஏற்கெனவே இருந்தது. அது போட்டு நூறு வருஷம் ஆகிறது, ஊர்களே அதைச் சுற்றித்தான் வளர்ந்தன என்பதெல்லாம் யாருக்கும் அப்போது பெரிய விஷயமாகப் படவில்லை.

[திரையில்: கனடா வரைபடம். கியூபெக் மாநிலம். நான்ட் – லாக் மெகான்டிக்.]

2013 ஜூலை 5, இரவு. 72 டேங்கர்களில் பாக்கன் எண்ணெய் ஏற்றிய ரயில் நான்ட் என்ற சிற்றூரில் வந்து நின்றது. ஓட்டுநர் ஒரே ஒருவர். அவருடைய வேலை நேரம் முடிந்துவிட்டது. ரயிலை மெயின் லைனிலேயே நிறுத்திவிட்டுத் தூங்கப் போனார். நான்ட் மேட்டில் இருக்கிறது. அங்கிருந்து சரிவில் சுமார் 11 கிலோமீட்டர் இறங்கினால் லாக் மெகான்டிக் நகரம்.

இங்கே பிரேக்கைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும்.

[திரையில்: இன்ஜின், கம்ப்ரஸர், பிரேக் சிலிண்டர். எளிய படம்.]

ரயிலை நிறுத்தி வைக்க ஓட்டுநர் இரண்டு வேலை செய்தார். ஏழு ஹேண்ட் பிரேக்கைக் கையால் சுற்றி இறுக்கினார். கூடவே இன்ஜின்களின் ஏர் பிரேக்கையும் போட்டார். ஏர் பிரேக்குக்குக் காற்றழுத்தம் வேண்டும். காற்றைக் கொடுப்பது கம்ப்ரஸர். கம்ப்ரஸர் ஓட இன்ஜின் ஓட வேண்டும். அதனால் ஐந்து இன்ஜின்களில் முதலாவதை மட்டும் ஓடவிட்டுப் போனார்.

அந்த முதல் இன்ஜினில்தான் கோளாறே. சில மாதங்களுக்கு முன் பழுது பார்த்தபோது, அந்த இடத்துக்குத் தாங்காத, எபாக்ஸி பசை மாதிரி ஒரு பொருளை வைத்து ஒப்பேற்றியிருந்தார்கள். அது உடைந்து, எண்ணெய் கசிந்து, நள்ளிரவுக்குச் சற்று முன் இன்ஜின் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள். இன்ஜினை நிறுத்தினார்கள், தீயை அணைத்தார்கள். அவர்கள் செய்ததில் ஒரு தவறும் இல்லை. ரயில் நிறுவனம் அனுப்பிவைத்த ஆள் தண்டவாளப் பராமரிப்புக்காரர். அவருக்கு இன்ஜின் விவரம் தெரியாது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து எல்லோரும் கலைந்து போனார்கள்.

இன்ஜின் நின்றதும் கம்ப்ரஸரும் நின்றது. காற்று மெதுவாகக் கசிந்தது. இனி ரயிலைப் பிடித்து நிறுத்த அந்த ஏழு ஹேண்ட் பிரேக் மட்டும்தான். குறைந்தது 17 வேண்டியிருந்திருக்கும் என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. இரவு ஒரு மணிக்குச் சற்று முன், ஆளில்லாத ரயில் நகர ஆரம்பித்தது.

லாக் மெகான்டிக் நகர மையத்தில் அது நுழைந்தபோது வேகம் மணிக்கு 104 கிலோமீட்டர். 63 டேங்கர்கள் தடம் புரண்டன. சுமார் 60 லட்சம் லிட்டர் எண்ணெய் கொட்டித் தீப்பிடித்தது. 47 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர், தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்த ஒரு கஃபேயில் வெள்ளிக்கிழமை இரவைக் கழித்துக்கொண்டிருந்தவர்கள்.

கனடாவின் விசாரணை வாரியம் மொத்தம் 18 காரணங்களைப் பட்டியலிட்டது. வழக்கு மூன்று ஊழியர்கள் மேல் நடந்தது. 2018 ஜனவரியில் மூவரும் விடுதலை.

[திரையில்: சியாட்டில். கடற்கரையை ஒட்டிய ரயில் பாதை. நடுவே சுரங்க வாய்.]

இப்போது அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் சியாட்டில் நகரத்துக்கு வருவோம். அங்குள்ளவர்களும் எண்ணெய் ரயில்களைப் பார்த்துப் பயந்தார்கள். ஏன் என்பது இந்தக் கதைக்குப் பிறகு சுலபமாகப் புரியும். வடக்கே இருக்கும் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் போகும் எண்ணெய் ரயில்கள், விளையாட்டு மைதானங்களை ஒட்டி வந்து, நகர மையத்துக்கு அடியில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகின்றன. சுரங்கம் 1905-ல் திறந்தது, சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நீளம். அதற்குள் எண்ணெய் எரிந்தால் புகையை எப்படி வெளியேற்றுவது, உள்ளே ஆட்களை எப்படி அனுப்புவது என்று நகரத் தீயணைப்புத் துறையே கவலைப்பட்டது.

2014 ஜூலையில் மக்னோலியா பாலத்துக்கு அடியில் ஒரு எண்ணெய் ரயிலின் மூன்று டேங்கர்கள் தடம் புரண்டன. ஊர்ந்து போன ரயில் என்பதால் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஆனாலும் பேச்சு சூடுபிடித்தது. அப்போதுதான் பலருக்கு ஒரு விஷயம் உறைத்தது: ரயிலை நிறுத்தவோ திருப்பிவிடவோ நகராட்சிக்கு அதிகாரமே கிடையாது. அமெரிக்காவில் ரயில் என்பது மத்திய அரசின் கையில். ரயில் நிறுவனமும் ஆபத்தான சரக்கு வேண்டாம் என்று மறுக்க முடியாது; ஏற்றிக்கொண்டே ஆக வேண்டும் என்பது சட்டம்.

ரயில் நிறுவனங்கள் ஒரு கணக்கு சொல்லும். ஆபத்தான சரக்கில் 99.9 சதவீதத்துக்கும் மேல் பத்திரமாகப் போய்ச் சேருகிறது என்று. கணக்கு சரிதான். ஆனால் சியாட்டில்காரர் கேட்டது வேறு கேள்வி: அந்த மிச்சம் எங்கள் சுரங்கத்துக்குள் நடந்தால் யார் என்ன செய்வார்கள்? சதவீதத்தில் இதற்குப் பதில் இல்லை.

[திரையில்: பழைய டேங்கர், புதிய டேங்கர். தகட்டின் தடிமன் அருகருகே.]

சரி, எதுவும் மாறவில்லையா? மாறியது. 2015-ல் புதிய டேங்கர் விதி வந்தது. தகடு 11 மில்லிமீட்டரிலிருந்து 14 ஆனது, முன்னும் பின்னும் கவசம், வெப்பத்தைத் தாங்கும் உறை. அதே விதியில் மின்னணு பிரேக்கும் இருந்தது. எல்லா வேகனிலும் ஒரே நொடியில் பிடிக்கும் பிரேக் அது. செலவுக்கேற்ற பயன் இல்லை என்று 2018-ல் அதை மட்டும் நீக்கிவிட்டார்கள். எனக்கு இதுதான் உறுத்துகிறது. தகடு தடித்திருப்பது விபத்து நடந்த பிறகு உதவும். பிரேக் அதற்கு முன்னால் உதவும்.

சியாட்டில் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் 2015-ல் தனியாக ஒரு சட்டம் போட்டது. எண்ணெய் வாங்கும் ஆலைகள் வரப்போகும் ரயில்களைப் பற்றி மாநில அரசுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மீட்புப் படைக்கு விவரம் கிடைக்கும். பொதுமக்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மொத்தக் கணக்காக மட்டும்.

இதெல்லாம் அமெரிக்கா, கனடா சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலை 13 அதிகாலையில் திருவள்ளூர் அருகே டீசல் ஏற்றிய சரக்கு ரயில் தடம் புரண்டு 18 டேங்கர்கள் எரிந்தன. பக்கத்துக் குடியிருப்புகளில் இருந்தவர்களை அவசரமாக வெளியேற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

[திரையில்: லாக் மெகான்டிக்கைச் சுற்றிப் போகும் புள்ளிக்கோடு.]

லாக் மெகான்டிக்கில், விபத்து நடந்த அதே வருஷம் டிசம்பரில், ஊருக்கு நடுவிலேயே மறுபடியும் சரக்கு ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. ஊரைச் சுற்றிப் போகும் புறவழிப் பாதை வேண்டும் என்று மக்கள் ஐந்து வருஷம் கேட்டார்கள். 2018-ல் கனடா அரசும் கியூபெக் அரசும் 13 கோடி டாலருக்கு மேல் ஒதுக்குவதாக அறிவித்தன. அப்புறம் வந்தது அடுத்த சிக்கல். புறவழிப் பாதையும் யாருடைய நிலத்தின் வழியாகவாவது போயாக வேண்டுமே! பக்கத்து ஊர் ஃப்ரொன்டெனாக். அங்கே நிலத்தடி நீர், ஈரநிலம், விவசாய நிலம் என்னவாகும் என்று கேட்டார்கள். 2023-ல் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்றார்கள்.