எம்.பி.ஏ. என்றால் எந்த எம்.பி.ஏ.?

நேயர்களுக்கு வணக்கம். மேலாண்மைப் படிப்பு என்றதும் எந்தக் கல்லூரி நல்ல கல்லூரி என்றுதான் முதலில் விசாரிப்போம். அதற்கும் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. படித்து முடித்ததும் கைக்கு வரும் தாளில் என்ன அச்சாகியிருக்கும், அதைக் கொடுப்பது யார்?

எம்.பி.ஏ. என்பது பட்டம். அதைத் தர ஒரு பல்கலைக்கழகமோ பட்டம் வழங்கச் சட்டப்படி உரிமை பெற்ற நிறுவனமோ வேண்டும். எந்தப் பல்கலைக்கழகத்தோடும் இணையாத தனி நிறுவனங்கள் தருவது பி.ஜி.டி.எம். என்ற முதுநிலை டிப்ளமா. ‘டிப்ளமாதானே’ என்று தள்ளிவிடாதீர்கள். இந்திய மேலாண்மைக் கழகங்களான ஐ.ஐ.எம்.களே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை டிப்ளமாதான் கொடுத்துவந்தன. தனியார் வேலைக்கு இந்த வித்தியாசம் பெரிதாகக் குறுக்கே வராது. பிற்பாடு பிஎச்.டி. செய்யவோ கல்லூரியில் பாடம் நடத்தவோ நினைத்தால் வரும். அந்த எண்ணம் இருந்தால், உங்கள் பி.ஜி.டி.எம்.முக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) அனுமதியோடு, எம்.பி.ஏ.வுக்கு இணையானது என்ற இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் (ஏ.ஐ.யு.) அங்கீகாரமும் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

அடுத்தது உங்கள் அனுபவம். இப்போதுதான் பி.காம். அல்லது பி.இ. முடித்தவருக்கு இரண்டாண்டு முழுநேரப் படிப்புதான் பொருந்தும். முதலாண்டில் நிதி, சந்தை, மனிதவளம் எல்லாம் பொதுவாக நடக்கும். நடுவில் இரண்டு மாதம் போல இன்டர்ன்ஷிப். இரண்டாமாண்டில் சிறப்புப் பாடம். தமிழ்நாட்டில் டான்செட் என்ற நுழைவுத்தேர்வு எழுதிக் கலந்தாய்வில் சேரலாம், ஐ.ஐ.எம். என்றால் கேட் (CAT) தேர்வு. ஐந்தாறு வருடம் வேலை பார்த்தவருக்கு ஓராண்டு எக்ஸிக்யூட்டிவ் படிப்பு லாபம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 40,000 ரூபாய் வாங்குபவர் இரண்டு வருடம் வேலையை விட்டால் 9 லட்சத்து 60 ஆயிரம் போகிறது. கல்லூரிக் கட்டணம் அதுபோகத் தனி.

வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைநிலை, இணையவழி எம்.பி.ஏ. உண்டு. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகத்தில் முறைப்படி முடித்தால் அது நேரில் படித்த பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-இல் அறிவித்திருக்கிறது. ஆனால் ‘யு.ஜி.சி. அங்கீகாரம்’ என்று விளம்பரத்தில் இருப்பது பல்கலைக்கழகத்துக்கா, இந்தப் படிப்புக்கா? போன வருடம் அனுமதி இருந்தது என்பதும் போதாது. நீங்கள் சேரும் பருவத்துக்கு, அதே பாடத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பாருங்கள். இன்னொன்று: வளாக நேர்காணல் வேலையை இதில் எதிர்பார்க்காதீர்கள். இருக்கிற வேலையில் பதவி உயர்வுக்கு உதவும் படிப்பு இது.

இனி, சம்பளப் பட்டியல். பலரும் ஏமாறுகிற இடம் இதுதான். ஐந்து மாணவர்கள், நான்கு பேருக்கு ஆண்டுக்கு 5 லட்சம், ஒருவருக்கு 40 லட்சம். சராசரி எவ்வளவு? 12 லட்சம்! விளம்பரப் பலகையில் அதுதான் ஏறும். அந்த 12 லட்சத்தை ஐவரில் ஒருவர்கூட வாங்கவில்லை. ஆகவே சராசரியைக் கேட்காதீர்கள். ‘மீடியன்’ என்ன என்று கேளுங்கள். சம்பளத்தை வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்கும் தொகை அது. இங்கே 5 லட்சம். கூடவே, மொத்தம் எத்தனை பேர் படித்தார்கள், வேலை தேடியவர்கள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். 120 பேர் வகுப்பில் 50 பேரை மட்டும் ‘தகுதியுள்ளவர்கள்’ என்று வைத்துக்கொண்டு, அந்த 50 பேருக்கும் வேலை என்றால் அதுவும் நூறு சதவீதம்தான்!

சிறப்புப் பாடப் பட்டியலும் அப்படித்தான். கையேட்டில் அனலிடிக்ஸ் முதல் லாஜிஸ்டிக்ஸ் வரை இருக்கும். போதிய மாணவர்கள் சேராவிட்டால் அந்த வகுப்பே நடக்காது. சென்ற ஆண்டு உண்மையில் நடந்தவை எவை என்று இரண்டாமாண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சேர்ந்த பிறகு வேறு நல்ல இடம் கிடைத்தால்? குறித்த கடைசித் தேதிக்குள் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. விலகல் கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், தேதிக்குச் சாட்சி அதுதான். அசல் சான்றிதழ்களையும் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது. சேரும் நாளில் நகல் ஒரு செட் கொடுங்கள். அசலைச் சரிபார்த்ததும் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். வணக்கம்.